சேர்ந்து பேய்ப்படம் பாக்குறோம்: புதுசா வர்றவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

குரூப்ல யாராவது புதுசா சேர்ந்தா முதல் ரெண்டு நாள் இதே கேள்விகள்தான் வருது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி விரல் தேஞ்சதுதான் மிச்சம், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். படிச்சுட்டு வாங்க, அப்புறமும் சந்தேகம் இருந்தா கேளுங்க, கடிக்க மாட்டோம்.

இங்க என்னதான் பண்றீங்க?

சனிக்கிழமை ராத்திரி ஒரு ஹாரர் படம். அவங்கவங்க வீட்ல, அவங்கவங்க ஸ்க்ரீன்ல, ஆனா எல்லாரும் ஒரே நேரத்துல ப்ளே அழுத்துவோம். படம் முடிஞ்சு ஒரு பத்து நிமிஷம் தண்ணி குடிச்சுட்டு வாய்ஸ் கால்ல உக்காந்து பேசுவோம். மார்க் போடுறது, ஸ்டார் குடுக்குறது எதுவும் கிடையாது. பேசுறதுக்காகத்தான் பாக்குறோம்னே வச்சுக்கங்க.

எத்தனை மணிக்கு?

இந்திய நேரம் ராத்திரி 9:30. கொழும்புக்கும் அதே நேரம்தான், சிங்கப்பூர்ல சரியா நடுராத்திரி 12, அவங்கதான் குடுத்து வச்சவங்க. லண்டன்ல சாயங்காலம் 4 இல்ல 5, டொராண்டோவுல காலைல 11 இல்ல மத்தியானம் 12, சீசனப் பொறுத்து மாறும். பட்டப்பகல்ல சாம்பார் கொதிக்கிற சத்தத்துக்கு நடுவுல பேய் பாக்குறது எங்க டொராண்டோ ஆளுங்க தலையெழுத்து. கர்ட்டன இழுத்து விட்டுட்டு பாருங்கன்னுதான் சொல்ல முடியும், வேற வழி தெரியல.

ஒருத்தர் ஸ்க்ரீன் ஷேர் பண்ணா எல்லாரும் பாத்துக்கலாமே?

எல்லாரும் முதல்ல சொல்றது இதுதான். ஓடிடி ஆப்ப டிஸ்கார்டு மாதிரி சாட் ஆப்ல ஷேர் பண்ணா பெரும்பாலும் வெறும் கறுப்பு ஸ்க்ரீன்தான் வரும், காப்பி பண்ண விடாம பூட்டு போட்டு வச்சிருப்பாங்க. சட்டப்படியும் அது சரி கிடையாது. எல்லார் ப்ரௌசர்லயும் படத்த ஒண்ணா ஓட்டுற டெலிபார்ட்டி மாதிரி எக்ஸ்டென்ஷன் இருக்கு, ஆனா ஒவ்வொருத்தர்கிட்டயும் அந்த ஓடிடி அக்கவுண்ட் இருந்தாத்தான் வேலைக்காகும். நாங்க பண்றது பழைய முறை, ஒருத்தர் கால்ல 3, 2, 1 சொல்லுவார், ஒண்ணுன்னதும் ப்ளே, அப்புறம் எல்லாரும் ம்யூட்.

இதுலயும் ரெண்டு சிக்கல் வரும். விளம்பரத்தோட ஓடுற இலவச ஆப்ல பாத்தா நீங்க பின்தங்கிருவீங்க. இன்னொண்ணு யாரும் எதிர்பாக்காதது, சில பேர் PAL-ங்குற பழைய டிவி முறையில போட்ட டிவிடி வச்சிருப்பாங்க. சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம், அந்த டிவிடி 25 ஃப்ரேம்ல ஓடும், அதனால 100 நிமிஷப் படம் 96 நிமிஷத்துல முடிஞ்சுரும், குரலும் லேசா கீச்சுன்னு கேக்கும். நாங்க இன்னும் கதவத் திறக்கவே இல்ல, அவர் கொலையப் பாத்து முடிச்சுட்டு காப்பி போடப் போயிருப்பாரு. அப்படி டிவிடி வச்சிருந்தா முன்னாடியே சொல்லிருங்க, நடுநடுவுல நிறுத்தி சேத்துக்கலாம்.

படம் ஓடும்போது சாட்ல பேசலாமா?

கூடாது. இதுல மட்டும் நான் கறார்.

பயம்ங்குறது கொஞ்சம் கொஞ்சமா ஏத்துற விஷயம், அரை மணி நேரமா அமைதியா ஏத்திக்கிட்டு வருவாங்க, அந்த நேரம் பாத்து ஒருத்தர் "டேய் பின்னாடி பாருடா" ன்னு போட்டு ரெண்டு சிரிப்பு எமோஜி தட்டினா அத்தனையும் போச்சு. மறுபடி ஏத்த முடியாது. தியேட்டர்ல சத்தம் போடுவோமே அது மட்டும் நல்லா இருக்கேன்னு கேப்பீங்க, வாஸ்தவம்தான், ஆனா அங்க கத்துறவன் படத்தப் பாத்துக்கிட்டே கத்துறான், இங்க டைப் பண்றவன் குனிஞ்சு போனப் பாக்குறான், அந்த மூணு செகண்டுலதான் பின்னாடி ஜன்னல்ல ஒரு உருவம் வந்துட்டுப் போயிருக்கும்.

காஞ்சனா, அரண்மனை வகையறா போடுற நாள்ல மட்டும் சாட் ஓப்பன். அந்தப் படங்கள சும்மா உக்காந்து பாக்குறதுல அர்த்தமே இல்ல.

"பயமாவே இல்ல" ன்னு சொன்னா ஏன் எல்லாரும் பாயுறீங்க?

ஏன்னா அதுக்கப்புறம் பேச ஒண்ணுமே இல்ல. உங்களுக்கு பயமா இல்ல, சரி, ரொம்ப சந்தோஷம், அடுத்து? எந்த இடத்துல பயமுறுத்தப் பாத்தாங்க, அது ஏன் உங்ககிட்ட வேலைக்காகலன்னு சொல்லுங்க, அப்பத்தான் பேச்சு நகரும். பயந்தவங்களுக்கும் இதே கண்டிஷன்தான். "செம பயம்" ன்னா எந்த ஷாட், அதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் சத்தமே இல்லாம இருந்துச்சு, கேமரா எதக் காட்டாம விட்டுச்சு, எந்த இடத்துல கண்ண மூடுனீங்க, அதச் சொல்லுங்க.

ஒரு உதாரணம். 1942ல வந்த கேட் பீப்பிள். ஒரு பொண்ணு ராத்திரி பார்க் சுவர் ஓரமா தனியா நடந்து போறா, பின்னாடி இன்னொரு பொண்ணு தொடர்ந்து வர்றா, ரெண்டு பேரோட ஹீல்ஸ் சத்தமும் மாறி மாறி கேக்குது. மியூசிக்கே கிடையாது. திடீர்னு பின்னாடி வந்த சத்தம் நின்னுருது. இவ திரும்பிப் பாக்குறா, யாரும் இல்ல, வேகமா நடக்குறா, ஓடுறா, ஏதோ பாயப் போகுதுன்னு நாம பல்லக் கடிச்சுட்டு உக்காந்திருக்கும்போது புஸ்ஸ்ஸ்னு சீறிக்கிட்டு ஃப்ரேமுக்குள்ள வந்து நிக்குது ஒரு பஸ்! வெறும் பஸ்தாங்க. தயாரிப்பாளர் வால் லூட்டன் பேர வச்சு இந்த மாதிரி டெக்னிக்குக்கே லூட்டன் பஸ்னு பேர் வந்துருச்சு. இன்னைக்கு நாம திடீர்னு தூக்கிப் போட வைக்கிறத ஜம்ப் ஸ்கேர்னு சொல்லி முகம் சுளிக்கிறோமே, அதுக்கு பூர்வீகம் இங்கதான். பூனை பாயுறது, ஃப்ரிட்ஜ் கதவ மூடுனா பின்னாடி ஒருத்தர் நிக்கிறதுன்னு அத்தனையும் இதோட பேரப்பிள்ளைங்கதான்.

அதனால ஜம்ப் ஸ்கேர்னாலே மட்டம்னு பேசாதீங்க. பஸ் வர்றதுக்கு முன்னாடி அந்த நடை இருந்துச்சா இல்லையாங்குறதுதான் கேள்வி. நடையே இல்லாம பஸ்ஸ மட்டும் பத்து தடவ விட்டா எரிச்சல்தான் வரும், அத தாராளமா திட்டலாம்.

சத்தத்த பத்தியே ஏன் இவ்வளவு பேசுறீங்க?

பாதி பயம் காதுலதான் இருக்கு. சந்தேகமா இருந்தா சைக்கோ, 1960, அந்த ஷவர் சீன ம்யூட் பண்ணி ஒரு தடவ பாருங்க, அப்புறம் சத்தத்தோட பாருங்க. ஹிட்ச்காக் முதல்ல அந்த சீனுக்கு மியூசிக்கே வேண்டாம்னுதான் சொல்லிருக்காரு, மியூசிக் டைரக்டர் பெர்னார்ட் ஹெர்மன் அதையும் மீறி எழுதிக் கொண்டு வந்து போட்டுக் காட்ட, மனுஷன் மனசு மாறிட்டாரு. அதுல ட்ரம்ஸ் கிடையாது, ட்ரம்பெட் கிடையாது, வெறும் தந்தி வாத்தியங்கள் மட்டும்தான், வயலின போட்டு இழுக்குற இழுப்புலயே கத்தி இறங்குது.

1978 ஹாலோவீனும் அப்படித்தான். மியூசிக் சேக்குறதுக்கு முன்னாடி ஒரு ஸ்டூடியோ எக்ஸிக்யூட்டிவுக்குப் போட்டுக் காட்டினப்ப அவங்களுக்கு பயமே வரலன்னு டைரக்டர் ஜான் கார்பென்டரே சொல்லிருக்காரு. அப்புறம் அவரே உக்காந்து பியானோவுல அந்த தீம வாசிச்சாரு, சின்ன வயசுல அப்பா கத்துக்குடுத்த 5/4 தாளம், அதாவது சுத்துக்கு அஞ்சு அடி, எங்கயுமே நம்ம கால் தாளம் போட முடியாம தடுக்கி விடும்.

அப்ப போன்ல பாத்தா ஆகாதா?

போன் ஸ்பீக்கர்ல பாக்குறதுக்கு பாக்காமலே இருக்கலாம். போன்தான் இருக்குன்னா பரவால்ல, இயர்போன் மாட்டுங்க, ரூம் லைட்ட அணைங்க. முடிஞ்சா படத்த முன்னாடியே ஆப்ல டவுன்லோட் பண்ணி வச்சுக்கங்க, நெட் மெதுவானா முதல்ல அடி வாங்குறது இருட்டு சீன்தான், கறுப்பு எல்லாம் கட்டம் கட்டமா உடைஞ்சு போய் மூலையில நிக்கிறது பேயா பீரோவான்னு தெரியாது. டிவில பாக்குறவங்க அசைவ வழவழன்னு ஆக்குற மோஷன் ஸ்மூத்திங் செட்டிங்க ஆஃப் பண்ணுங்க, அது இருந்தா எந்தப் படமும் சீரியல் மாதிரி ஆயிரும்.

தமிழ்ல ஏன் சீரியஸ் பேய்ப்படம் கம்மி? எல்லாம் காமெடியாவே இருக்கு?

வருஷத்துக்கு நாலு தடவ இந்தச் சண்டை வரும். என் பக்கத்தச் சொல்லிடுறேன்.

முதல்ல, கம்மின்னு சொல்றதே முழுசா சரியில்ல. 2009ல மட்டும் யாவரும் நலம், ஈரம்னு ரெண்டு வந்துச்சு, 2012ல பீட்சா, 2014ல பிசாசு, 2015ல மாயா, டிமான்ட்டி காலனி, 2017ல அவள். இது எதுவும் காமெடி பேய் கிடையாது. ஆனா 2007ல முனி, 2011ல காஞ்சனா, 2014ல அரண்மனைன்னு இன்னொரு பக்கம் குடும்பத்தோட வர்ற கூட்டம் பெருசா இருந்துச்சு, வசூல் எங்கயோ அங்கதான் அடுத்த தயாரிப்பாளரும் போவாரு.

இதுல காசுக் கணக்கு ஒண்ணு இருக்கு, அத யாரும் பேசுறதில்ல. 2011லருந்து 2017ல ஜிஎஸ்டி வர்ற வரைக்கும் தமிழ்நாட்டுல கேளிக்கை வரி விலக்கு வேணும்னா தமிழ்ல பேர் இருந்தா மட்டும் போதாது, யூ சர்டிபிகேட்டும் வேணும். நல்லா பயமுறுத்துற படத்துக்கு யூ எங்கருந்து கிடைக்கும்? யூஏ வாங்குனா வரி, ஏ வாங்குனா வரியோட சேத்து டிவி சேனலும் போச்சு, ஏ படத்த டிவில போட முடியாது. இவ்வளவையும் தலைல வச்சுக்கிட்டு எழுதுற டைரக்டர் ஒரு காமெடியன உள்ள விட்டா அவர ரொம்பத் திட்ட எனக்கு மனசு வரல.

காமெடி இருந்தா ஹாரர் இல்லன்னும் நான் ஒத்துக்க மாட்டேன். காஞ்சனாவுல சிரிச்சுட்டே வந்து, சரத்குமார் திருநங்கையா வர்ற ஃப்ளாஷ்பேக்ல தியேட்டரே கப்சிப் ஆனது ஞாபகம் இருக்கவங்க நிறைய பேர் இருப்பீங்க. நம்ம ஊர் பேய் பெரும்பாலும் நியாயம் கேட்டு வர்ற பேய். பழையனூர் நீலி கதைலயே அதுதானே, கொன்னவன் அடுத்த பிறவி எடுத்து வந்தாலும் விடாம துரத்தி வந்து ஊர் வேளாளர்கள்ட்ட வழக்கு வைக்கிறா, அவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு வாக்கு குடுத்த பாவத்துக்கு, அவன் செத்ததும் 70 பேரும் தீயில இறங்குறாங்க. அந்த வழக்கத்துலதான் நம்ம படமும் வருது, ஃப்ளாஷ்பேக், அநியாயம், பழி, சாந்தி, சுபம்.

அடுத்த பாராவுல 1998 ஜப்பான் ரிங்கு க்ளைமாக்ஸ் இருக்கு, பாக்காதவங்க தாண்டிருங்க.

அதுலயும் அநியாயமா செத்த பொண்ணுதான். கிணத்துல இறங்கி அவ உடம்பத் தேடி எடுத்து வெளிய கொண்டு வந்துடுறாங்க. நம்ம கணக்குப்படி படம் அங்க முடிஞ்சிருக்கணும். முடியல. டிவி தானா ஆன் ஆகுது. நியாயம் கெடச்சாலும் போகாத பேய், அவளுக்கு என்ன வேணும்னே நம்மளால பேசித் தீர்க்க முடியாது. அந்தப் படம் பாத்த ராத்திரி எங்க வாய்ஸ் கால் விடிய விடிய ஓடுச்சு, ஏன்னா பேய்ட்ட பேச்சுவார்த்தை நடத்தலாம்ங்குற நம்பிக்கைய அது பிடுங்கிருச்சு.

சந்திரமுகி ஹாரரா இல்லையா?

ஐயோ. சரி. 1993 மலையாள மணிச்சித்திரத்தாழு, அத 2004ல கன்னடத்துல ஆப்தமித்ரான்னு பி. வாசு எடுத்தாரு, அவரே 2005ல தமிழ்ல சந்திரமுகி, சென்னை சாந்தி தியேட்டர்ல 800 நாளைத் தாண்டி ஓடுச்சு. மூலக் கதைல பேய் வெளிய இல்ல, ஒரு மனுஷியோட மனசுக்குள்ள இருக்கு. தமிழ்ல ரஜினிக்கு இடம் விடணுமேன்னு நிறைய மாறிருச்சு. ஆனா சின்ன வயசுல அந்த ரூம் கதவப் பாத்து பயப்படாத ஆளு யாராவது இருக்கீங்களா? பாதி ஹாரர்னு வச்சுக்கிட்டு அடுத்த கேள்விக்குப் போவோம்.

பேய்ப்படமே பாத்ததில்ல, எதுல ஆரம்பிக்கலாம்?

யாவரும் நலம். கண்ண மூடிட்டு சொல்லுவேன், நீங்க கண்ண மூடாம பாருங்க. பாழடைஞ்ச பங்களா கிடையாது, வௌவால் கிடையாது, புதுசா லோன் போட்டு வாங்குன ஃப்ளாட். மாதவன் ஏறினா மட்டும் லிஃப்ட் வேலை செய்யாது, பக்கத்து வீட்டுக்காரர் ஏறினா ஓடும். வீட்டுக்குள்ள போன்ல அவர போட்டோ எடுத்தா முகம் கோணலா வருது. இவ்வளவுதான், ஆனா அந்த லிஃப்ட் கதவு தொறந்து மூடுற ஒவ்வொரு தடவையும் வயித்துல ஏதோ பண்ணும். மத்தியானம் வீட்டுப் பொம்பளைங்க உக்காந்து பாக்குற சீரியல்ல இவங்க வீட்டுக் கதையே ஓடுது, சீரியல் பேரும் யாவரும் நலம்தான். விக்ரம் குமார் டைரக்‌ஷன், பி.சி. ஸ்ரீராம் கேமரா. வெளிச்சத்துலயே பயமுறுத்துற படம், அதனால பகல்ல பாக்குற டொராண்டோ மக்களுக்கும் பொருந்தும்.

அது ஓகேன்னா அடுத்து ஈரம், தண்ணிய வச்சே முழுப்படத்தையும் ஓட்டிருப்பாங்க. அப்புறம் பிசாசு. தி எக்ஸார்சிஸ்ட் எல்லாம் முதல் மாசமே போகாதீங்க.

கறுப்பு வெள்ளைப் படமெல்லாம் கட்டாயமா பாக்கணுமா?

கட்டாயம் இல்ல, ஆனா வரலன்னா நஷ்டம் உங்களுக்குத்தான். யார் நீ, 1966, ஜெய்சங்கர் ஜெயலலிதா, வோ கௌன் தி இந்திப் படத்தோட தமிழ். சுசீலா குரல்ல நானே வருவேன் பாட்டு பனிக்குள்ள இருந்து வர்றப்ப ஏசிய ஆஃப் பண்ணத் தோணும். ஸ்ரீதரோட நெஞ்சம் மறப்பதில்லை, 1963, கேமரா ஏ. வின்சென்ட். அந்த வின்சென்ட் அடுத்த வருஷமே மலையாளத்துல டைரக்டராகி எடுத்த முதல் படம் பார்கவி நிலையம், வைக்கம் முகமது பஷீர் எழுதினது, தனியா ஒரு எழுத்தாளர் பேய் வீட்டுக்குக் குடிவந்து அந்தப் பேய்ட்ட பேசிக்கிட்டே இருப்பாரு. இந்த ரெண்டையும் அடுத்தடுத்த வாரம் பாத்தீங்கன்னா நிழல எங்க போடுறதுன்னு ஒரு ஆள் எப்படி யோசிச்சிருக்காருன்னு தெரியும். 2024ல மம்மூட்டிய வச்சு பிரமயுகத்த கறுப்பு வெள்ளைல எடுத்தாங்களே, அத தூக்கிக் கொண்டாடுறவங்க இதையும் ஒரு தடவ பாக்கலாம், தப்பில்ல.

டெலிகிராம் லிங்க் இருக்கு, போடவா?

போட்டா மெசேஜ் டெலிட், ரெண்டாவது தடவ ஆளே டெலிட். இலவசமா, சட்டப்படியே பாக்க நிறைய இருக்கு. 1968ல வந்த நைட் ஆஃப் தி லிவிங் டெட், கடைசி நேரத்துல படத்துக்குப் பேர் மாத்துனப்ப டைட்டில் கார்டுல காப்பிரைட் வரிய போட மறந்துட்டாங்க, அமெரிக்காவுல அன்னிக்கு இருந்த சட்டப்படி அதோட உரிமை போச்சு, இன்னைக்கு வரைக்கும் யார் வேணா ஓட்டலாம். பாவம் டைரக்டர் ரொமேரோ. 1922 நோஸ்ஃபெரட்டு இன்னும் சுவாரசியம், ட்ராகுலா கதைய அனுமதி வாங்காம எடுத்தாங்கன்னு எழுத்தாளரோட மனைவி கேஸ் போட்டு, எல்லா பிரிண்டையும் அழிக்கச் சொல்லி தீர்ப்பே வந்துச்சு, எங்கெங்கயோ தப்பிச்ச காப்பிகளாலதான் நாம பாக்குறோம். ரெண்டும் இன்டர்நெட் ஆர்கைவ்ல இருக்கு.

ஸ்பாய்லர் ரூல் என்ன?

அந்த வாரப் படத்த பத்தி கால்ல என்ன வேணா பேசலாம், எழுத்துல போட்டா ஸ்பாய்லர் மறைப்பு போடணும், டிஸ்கார்டு டெலிகிராம் ரெண்டுலயும் அந்த வசதி இருக்கு. வேற படத்த உதாரணம் சொல்றப்ப "இதோட முடிவு சொல்லப்போறேன்" ன்னு ஒரு வார்த்தை. பீட்சாவ பத்தி மட்டும் எத்தன வருஷமானாலும் வாய தொறக்கக் கூடாது.

ரத்தம், குழந்தைங்க சாவு மாதிரி சீன்லாம் எனக்கு ஆகாது, முன்னாடியே சொல்லுவீங்களா?

கண்டிப்பா. படத்த தேர்ந்தெடுக்குறவர் வெள்ளிக்கிழமையே ரெண்டு வரி போட்டுருவாரு, கதை சொல்லாம, என்னென்ன இருக்குன்னு மட்டும். டஸ் தி டாக் டை ன்னு ஒரு சைட் இருக்கு, நாய் சாகுதான்னு பாக்க ஆரம்பிச்சது, இப்ப எல்லா விஷயத்துக்கும் மக்களே ஓட்டுப் போட்டு வச்சிருக்காங்க, நீங்களே போய் பாத்துக்கலாம். ஒரு வாரம் வரலன்னா காரணம் கேக்க மாட்டோம். நடுவுல எந்திரிச்சுப் போனாலும் கிண்டல் பண்றவங்களுக்குத்தான் வார்னிங், உங்களுக்கு இல்ல.

பையனுக்கு பத்து வயசு, கூட உக்கார வச்சுக்கலாமா?

வேண்டாம். 2024லருந்து யூஏவையே 7, 13, 16ன்னு மூணா பிரிச்சுட்டாங்க, சர்டிபிகேட்ட ஒரு தடவ பாருங்க. நாங்க போடுறதுல முக்கால்வாசி 16க்கு மேலதான். கால்ல குழந்தை குரல் கேட்டா பேசுறவங்களும் தயங்குறாங்க.

வீட்ல அம்மா திட்டுறாங்க, ராத்திரில இதெல்லாம் பாக்காதன்னு. என்ன பண்றது?

எங்க குரூப்ல பாதிப் பேருக்கு இதே கதைதான். ஒரு அக்கா வீட்ல மாமியார் சனிக்கிழமை ஆனா நெத்தியில விபூதி பூசி விட்டுட்டுத்தான் ரூமுக்குள்ளயே விடுவாங்க, அப்புறம் அவங்களே கதவு ஓரமா சேர் போட்டு பாக்க ஆரம்பிச்சு, இப்ப படம் முடிஞ்சதும் கால்ல வந்து "இந்தப் பேய்க்கு அறிவே இல்ல, முதல் நாளே அவன அடிச்சிருக்கணும்" ன்னு கருத்து சொல்றாங்க. சத்தியமா எங்க டிஸ்கஷன்லயே நல்லாப் பேசுறவங்க அவங்கதான். உங்கம்மாவையும் கூப்பிட்டுப் பாருங்க.

நீங்கல்லாம் பேய நம்புறீங்களா?

சில பேர் நம்புறாங்க, சில பேர் இல்ல. கால்ல இந்த டாபிக் எடுத்தா அன்னைக்கு படத்த பத்திப் பேச நேரமே இருக்காது, அதனால எடுக்குறதில்ல.

டிமான்ட்டி காலனிக்கு எல்லாரும் சேர்ந்து ராத்திரி போலாமா?

மூணு மாசத்துக்கு ஒருத்தர் கேட்டுறீங்க. சென்னை ஆழ்வார்பேட்டை செயின்ட் மேரிஸ் ரோடு பக்கம் நிஜமாவே இருந்த இடம்தான், ஜான் டி மான்ட்டிங்குற போர்த்துக்கீசிய வியாபாரியோட சொத்து, அப்புறம் சர்ச்சுக்குப் போச்சு. அடுத்தவங்க இடத்துல ராத்திரி சுவரேறிக் குதிச்சா பேய் வராது, போலீஸ்தான் வரும். படத்துலயே பாருங்க, பங்களாவுக்குள்ள போயிட்டு வந்துடுறாங்க, உயிர் போறது அவங்க வாடகைக்கு இருக்குற ஒரே ஒரு ரூம்ல நாலு பேரும் மாட்டிக்கிட்டப்பதான். நீங்களும் உங்க ரூம்லயே இருங்க.

படத்த யார் முடிவு பண்றது?

ஓட்டெடுப்பு வச்சிருந்தோம், திரும்பத் திரும்ப எல்லாருக்கும் தெரிஞ்ச படமே ஜெயிச்சுச்சு. இப்ப முறை வச்சு ஒருத்தர் தேர்ந்தெடுப்பார், மத்தவங்க வாய மூடிட்டு பாக்கணும், புடிக்கலன்னா கால்ல கிழிச்சுக்கலாம். அவர்தான் பேச்சையும் ஆரம்பிக்கணும், ஏன் இந்தப் படம், எந்த சீனுக்காகன்னு. புதுசா சேர்ந்தவங்களுக்கு கொஞ்ச வாரம் கழிச்சு முறை வரும், இப்பவே ஒண்ண யோசிச்சு வச்சுக்கங்க, எந்த ஓடிடில இருக்குன்னும் பாத்து வச்சுக்கங்க. முறை வர்ற அன்னைக்கு வந்து "எதாச்சும் நல்ல படமா நீங்களே சொல்லுங்க ப்ரோ" ன்னா அரண்மனை நாலு பாகத்தையும் வரிசையா போட்டு விட்டுருவேன்.